அடுப்படியில் நிற்பவரைக் கூப்பிடுங்கள்

இந்த வெள்ளிக்கிழமை வரலட்சுமி நோன்பு. பரணிலிருந்து அம்மன் முகம் இறங்கியிருக்கும். விபூதி போட்டுத் தேய்த்து, பழைய வேட்டித் துணியால் பளபளவென்று துடைத்து வைத்திருப்பீர்கள். தாழம்பூவுக்குப் பூக்காரரிடம் சொல்லியாயிற்று. வாழைக்கன்று, மாவிலை, நோன்புச் சரடு, காதோலை கருகமணி, கலசத்துக்குக் குடுமியோடு ஒரு தேங்காய் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டிருக்கும். சாயங்காலம் வெற்றிலை பாக்குக்கு யார் யாரைக் கூப்பிடுவது என்ற கணக்கும் மனசுக்குள் ஓடிக்கொண்டிருக்கும்.

அந்தக் கணக்கைப் பற்றிப் பேசத்தான் இதை எழுதுகிறேன். அதில் ஒருவரை விட்டிருக்கிறீர்கள். மறந்துபோய் விடவில்லை, தெரிந்தே விட்டிருக்கிறீர்கள். எதிர் வீட்டு அக்காவாக இருக்கலாம். போன வருஷம் வரை பட்டுப்புடவையும் மல்லிகையுமாக முதல் ஆளாய் வந்து நின்றவர், தை மாதம் கணவரை இழந்தவர். உங்கள் நாத்தனாராக இருக்கலாம். கூடத்தில் அம்மன் கொலுவிருக்க, கொல்லைப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் உங்கள் மாமியாராக இருக்கலாம். உங்களைப் பெற்றவளாகவே இருக்கலாம்.

அவரைக் கூப்பிடுங்கள். கூடத்துக்குக் கூப்பிடுங்கள். மணையில் உட்கார வைத்து, மற்றவர்களுக்கு நீட்டுகிற அதே தட்டை அவருக்கும் நீட்டுங்கள். மஞ்சள், குங்குமம், சந்தனம், பூ, வெற்றிலை பாக்கு, ஒன்றையும் குறைக்காதீர்கள். அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளாதீர்கள். தள்ளினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

எனக்குத் தலைநோன்பு 1989-ல், கும்பகோணத்தில், புகுந்த வீட்டில். மாமனாரின் தங்கை எங்களோடுதான் இருந்தார். இருபத்தாறு வயதில் கணவரை இழந்து அண்ணன் வீட்டுக்கு வந்தவர். எல்லாருக்கும் அவர் அத்தைதான், எனக்கும் அத்தைதான். அந்த வீட்டுக் கொழுக்கட்டை என்றால் அத்தை கைக் கொழுக்கட்டை. பச்சரிசியை ஊற வைத்து, வடித்து, வெள்ளைத் துணியில் நிழலில் பரப்புவார். அரிசி கையில் ஒட்டக் கூடாது, முழுக்க உலர்ந்தும் போகக் கூடாது; அந்தப் பக்குவம் வந்ததும் அள்ளி இடித்துச் சலிப்பார். உருளியில் தண்ணீர் கொதிக்கும்போது உப்பும் ஒரு கரண்டி நல்லெண்ணெயும். மாவைத் தூவிக் கிளறி இறக்கி, கை பொறுக்கும் சூட்டில் எண்ணெய் தொட்டுப் பிசைவார். பிறகு சொப்பு. வலது கைக் கட்டைவிரல் உள்ளே அழுத்த, இடது கை விரல்கள் வெளியே சுழல, எலுமிச்சை அளவு உருண்டை கண் முன்னால் கிண்ணமாக விரியும். தேங்காய்ப் பூரணத்தை வைத்து, விளிம்பைக் கூட்டி, உச்சியில் ஒரு முனை கிள்ளுவார். ஆவியில் வெந்து வெளியே வரும்போது வெல்லத்தின் நிறம் மேல்மாவு வழியாக லேசாகத் தெரியும். ஒன்றுகூட வாய் பிளக்காது.

அத்தனையும் அம்மனுக்கு நைவேத்தியம். விடிகாலையில் குளித்து ஈரப்புடவையோடு அடுப்பு மூட்டுகிறவர் அவர்தான். அவரைவிட ஆசாரமாகச் சமைக்க அந்த வீட்டில் ஆள் கிடையாது. மடிக்கு அவர் வேண்டும், மங்களத்துக்கு வேண்டாம். கொழுக்கட்டைத் தட்டைக் கூடத்து நிலைவரை கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவார்.

அன்று சாயங்காலம் கூடத்தில் பத்துப் பன்னிரண்டு பெண்கள். குங்குமச் சிமிழும் சந்தனக் கிண்ணமும் தட்டில் வைத்துக்கொண்டு வரிசையாகக் கொடுத்துக்கொண்டு வந்தேன். கூட்டம் அதிகமாகிவிட்டதால் அத்தையே சுண்டல் தொன்னைகளை ஒரு தாம்பாளத்தில் அடுக்கிக்கொண்டு வெளியே வந்தார். இரண்டு பேருக்கு நடுவில் குனிந்து தாம்பாளத்தை வைத்தார். நான் அந்த இடத்துக்கு வந்தேன். பழக்கத்தில் கை நீண்டுவிட்டது. யார் என்று பார்த்ததும் இழுத்துக்கொண்டேன். சிமிழை அவர் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் அடுத்தவரிடம் நீட்டினேன். அத்தை நிமிரவில்லை. தொன்னைகளை எண்ணுகிறவர்போல் கொஞ்ச நேரம் குனிந்தே இருந்தார். பிறகு ஈரமே இல்லாத கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்.

யாரும் என்னைக் கண்டிக்கவில்லை. "நல்ல வேளை, சமாளிச்சுட்டே" என்று மாமியார் ராத்திரி சொன்னார். எனக்கும் அப்போது அப்படித்தான் தோன்றியது. பெரிய தப்பு ஒன்றிலிருந்து தப்பித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு படுத்தேன்.

அதற்குப் பிறகும் பதினைந்து நோன்புகளுக்கு அத்தை அந்த அடுப்படியில் நின்றார். குழந்தைகள் பிறந்து, எனக்குக் கொஞ்சம் புத்தி வந்த பிறகு, ஒவ்வொரு வருஷமும் அடுத்த தடவை கூப்பிட்டுவிட வேண்டும் என்று நினைப்பேன். மாமியார் மனசு சங்கடப்படும், தெருவில் பேசுவார்கள், அத்தையே வர மாட்டார் என்று வருஷத்துக்கு ஒரு காரணம் கையில் இருந்தது. 2005 ஆடியில் அத்தை போய்விட்டார். அடுத்து வந்த நோன்பில் கொழுக்கட்டைகள் எல்லாம் வாய் பிளந்தன. கூப்பிட வேண்டியவர் இல்லை. அதனால்தான் உங்களிடம் இவ்வளவு அவசரப்படுகிறேன்.

இது பழைய காலத்துக் கதை, இப்போது யார் இப்படிச் செய்கிறார்கள் என்று கேட்பீர்கள். நாம்தான் செய்கிறோம். அடுக்ககத்து வாட்ஸ்அப் குழுவில் போன வருஷம் போட்ட செய்தியைத் தேடிப் பாருங்கள். "சுமங்கலிகள் அனைவரும் வெற்றிலை பாக்குக்கு வரவும்" என்று போட்டிருப்போம், பக்கத்தில் நாலு தாமரைப் படம். அந்தக் குழுவில் மூன்றாவது மாடிப் பெண்ணும் இருக்கிறாள். கொரோனாவின் இரண்டாவது அலையில், 2021-ல், கணவனைப் பறிகொடுத்தவள். குழந்தையைப் பள்ளிக்குக் கொண்டுபோய் விடுகிறாள், வீட்டுக் கடனுக்குத் தவணை கட்டுகிறாள், அலுவலகத்தில் அவள் கையெழுத்து இல்லாமல் ஒரு கோப்பும் நகராது. முப்பத்தாறு வயசு. அந்தச் செய்தி அவள் கைப்பேசியிலும் மின்னி மறைகிறது. அன்றைக்குச் சாயங்காலம் மாடிப்படியில் பட்டுப்புடவைகள் ஏறி இறங்குகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவளுடைய ஆறு வயதுப் பெண், "நம்மள ஏன்ம்மா கூப்பிடல?" என்று கேட்டால் அவள் என்ன சொல்வாள்? அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாம்.

"சுமங்கலிகள்" என்ற அந்த ஒரு சொல்லை எடுத்துவிடுங்கள். "எல்லாரும் வாருங்கள்" என்று போடுங்கள். அதோடு நிற்காதீர்கள். மூன்றாவது மாடிக்கு ஏறிப் போய், பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். இத்தனை வருஷம் ஒதுங்கியே பழகியவருக்கு "எல்லாரும்" என்பதில் தானும் உண்டு என்று தோன்றாது.

வழக்கம் என்று ஒரு வார்த்தை வரும். பழைய வழக்கம்தான், நான் மறுக்கவில்லை. புறநானூற்றிலேயே கைம்மை நோன்பின் கொடுமை வருகிறது. பூதப்பாண்டியன் இறந்தபோது அவன் தேவி, கைம்பெண்ணாக வாழும் வாழ்வைவிடத் தீயே மேல் என்று சொல்லிப் போனதாகப் பாட்டு இருக்கிறது. நெய் இல்லாத சோறு, கீரை, பாயில்லாத தரை என்று அந்த வாழ்வின் பட்டியலும் அதில் உண்டு. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே ஒரு பெண், இது வாழ்வில்லை என்று வாய்விட்டுச் சொல்லியிருக்கிறாள். வழக்கத்தின் பழமையைச் சொல்கிறவர்கள் அந்த அழுகையின் பழமையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

என் கொள்ளுப்பாட்டிக்குத் தலையை மழித்து நார்மடி கட்டி வைத்தார்கள். சின்ன வயதில் அறுத்தவள் என்று பெயர். அதுவும் வழக்கம்தான், சாஸ்திரம்தான் என்றுதான் அப்போது சொன்னார்கள். அவள் பேத்தி காலத்தில் அது போயிற்று. வெள்ளைப் புடவை போயிற்று. ஒரு வேளைச் சாப்பாடு போயிற்று. எதனாலும் எந்தக் குடும்பமும் அழிந்துபோகவில்லை. அத்தனையும் விட்ட நாம் குங்குமச் சிமிழை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறோம். நல்ல நாளில் ஒரு பெண்ணின் முகத்தைப் பார்க்காமல் திருப்பிக்கொள்வதை மட்டும் விடவில்லை. மனைவியை இழந்த ஆண் எதிரே வந்தால் யாரும் வீட்டுக்குள் திரும்பிப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவதில்லை. அவர் முன்வரிசையில் உட்கார்ந்து அட்சதை போடுகிறார். நாமே கூப்பிட்டு உட்கார வைக்கிறோம்.

இன்னொன்றையும் பேசிவிடுகிறேன், ஏனென்றால் பாக்கியெல்லாம் சாக்கு, இதுதான் நிஜமான பயம். "சரடு கட்டுவது கணவர் ஆயுசுக்கு. கணவரை இழந்தவர் கையால் வாங்கினால், அவருக்குக் கொடுத்தால், என் கணவருக்கு ஏதாவது ஆகிவிடுமோ?" என்ற பயம். இதைக் கேலி செய்ய மாட்டேன். எனக்கும் இருந்தது. ராத்திரி தூக்கம் வராமல் படுத்திருந்திருக்கிறேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். நாம் ஒதுக்குகிற ஒவ்வொருவரும் கணவர் இருந்தவரை வருஷம் தவறாமல் நோன்பிருந்தவர்கள்தான். ஒன்பது முடிச்சு போட்ட சரட்டை மஞ்சள் தடவி வலது மணிக்கட்டில் கட்டிக்கொண்டவர்கள்தான். அத்தையும் கட்டிக்கொண்டவர்தான். அவர்கள் பக்தியில் என்ன குறை கண்டோம்? மாரடைப்பும் விபத்தும் நோயும் சரடு பார்த்து வருவதில்லை. ஒரு சிமிழ் குங்குமத்தை ஒருத்திக்கு நீட்டினதற்காக ஓர் உயிரை எடுக்கிறவள் என்றால், அவளைக் கலசத்தில் வைத்து "வா அம்மா" என்று வாசலிலிருந்து அழைத்துக்கொண்டு வருவோமா? அம்மனைப் பற்றி இவ்வளவு மட்டமாக நினைத்துக்கொண்டு அவளைப் பூஜை செய்யாதீர்கள்.

நோன்புக் கதையைப் பூஜை முடிந்ததும் படிக்கிறோம். குண்டின நகரத்துச் சாருமதியின் கனவில் லட்சுமி வந்து நோன்பைச் சொல்கிறாள். அவள் அதை ரகசியமாக வைத்துக்கொள்ளவில்லை. விடிந்ததும் வீட்டில் சொன்னாள், ஊர்ப் பெண்களிடம் சொன்னாள், எல்லாரும் சேர்ந்து செய்தார்கள். ஒவ்வொரு சுற்று வலம் வரும்போதும் எல்லார் காலிலும் சதங்கை, எல்லார் கையிலும் வளை. தனக்குக் கிடைத்த வரத்தை ஊருக்குப் பங்கு போட்ட பெண்ணின் கதை அது. அந்த ஏட்டில் சுமங்கலிகள் என்றுதானே இருக்கிறது என்று ஒரு பெரியவர் என்னிடம் வாதாடினார். இருக்கட்டும். நோன்பு நோற்க யாரைச் சொன்னாலும், வீட்டுக்கு வந்தவளைக் கதவுக்குப் பின்னால் நிறுத்து என்று எந்த ஏட்டிலும் அவர் எனக்குக் காட்டவில்லை.

சென்னை பெசன்ட் நகரில் அஷ்டலட்சுமி கோயிலைச் சுற்றி வருகிறோம். ஆதி, தான்யம், தைரியம், கஜம், சந்தானம், விஜயம், வித்யா, தனம். தான்யம் வேண்டாதவள் யார்? வித்தை வேண்டாதவள் யார்? கணவன் போன மறுநாள் காலையில் எழுந்து குழந்தைகளுக்குச் சோறு வடிக்கிறவளுக்கு வேண்டிய தைரியத்தை, எட்டுப் பேரில் ஒருத்தி கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். அவளிடம் போகாதே என்று வழியை மறிக்க நாம் யார்?

நம் மண்ணில் பக்தியை யார் காப்பாற்றிக் கொடுத்தார்கள் என்பதையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பண்ருட்டிக்குப் பக்கம் திருவதிகை. திலகவதியாருக்கு நிச்சயம் செய்திருந்த கலிப்பகையார் போரில் இறந்துபோனார். உயிரை விடத் துணிந்தவர் தம்பிக்காக இருந்தார். வீரட்டானத்துக் கோயிலில் விடியுமுன் எழுந்து அலகிட்டார், சாணமிட்டு மெழுகினார், பூக் கொய்து மாலை கட்டினார். சமணத்துக்குப் போன அந்தத் தம்பி சூலைநோயில் துடித்துத் திரும்பி வந்தபோது, திருநீற்றை எடுத்துக் கொடுத்தது அந்தக் கைதான். அந்தக் கையிலிருந்து விபூதி வாங்கித்தான் மருள்நீக்கியார் அப்பர் ஆனார். துணையில்லாத பெண்ணின் கை மங்களமற்றது என்று அன்றைக்கு அவர் மறுத்திருந்தால் நமக்கு நாவுக்கரசர் இல்லை, தேவாரத்தில் அவருடைய பங்கும் இல்லை.

செம்பியன் மாதேவி இன்னொருவர். அவர் கணவர் கண்டராதித்த சோழர் 957 வாக்கில் காலமானார். அதற்குப் பிறகு நாற்பது வருஷத்துக்கு மேல் அந்த அம்மாள் இருந்தார். அந்த நாற்பது வருஷமும் மூலையில் உட்காரவில்லை. செங்கல் கோயில்களைக் கல்லால் எடுத்துக் கட்டினார். கோனேரிராஜபுரம் போயிருக்கிறீர்களா? அந்தக் காலத்தில் திருநல்லம். கணவர் பெயரால் அந்தக் கற்றளியை எடுத்தார். சுவரில் கண்டராதித்தர் சிவலிங்கத்தைக் கும்பிடுகிற சிற்பம் இருக்கிறது, கீழே கல்வெட்டும் இருக்கிறது. விருத்தாசலம், ஆடுதுறை என்று அவர் கை பட்ட கோயில்கள் இன்னும் பல. நாகப்பட்டினத்துக்குப் பக்கம் ஒரு ஊரே அவர் பெயரில் இருக்கிறது. விளக்குக்கும் பூவுக்கும் அமுதுக்கும் அவர் எழுதிவைத்த நிலத்திலிருந்து சுவாமிக்குப் பூஜை நடந்தது. ஒரு கைம்பெண் கட்டின கோயிலில் நாம் தாலிப் பாக்கியத்துக்கு வேண்டிக்கொண்டு வருகிறோம். வீட்டுக்கு வந்து இன்னொரு கைம்பெண்ணைக் கூடத்தைத் தாண்டாதே என்கிறோம்.

நூறு வருஷத்துக்கு முன்னால் சகோதரி சுப்பலட்சுமி. 1886-ல் பிறந்தவர், சிறுமியாக இருந்தபோதே கைம்பெண் ஆனவர். அவர் அப்பா அவரை மூலையில் உட்கார வைக்காமல் படிக்க வைத்தார். 1911-ல் பி.ஏ. தேறினார். 1912-ல் சாரதா மகளிர் சங்கத்தைத் தொடங்கி, தன்னைப் போன்ற சிறுமிகளைச் சேர்த்துக்கொண்டு, மெரினா ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில் தங்க வைத்துப் படிக்க வைத்தார். அந்தப் பெண்கள் ஆசிரியைகளாகப் போய் எத்தனையோ ஊர்ப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். விஜயதசமி அன்று நம் பாட்டிகள் கையைப் பிடித்து அரிசியில் அரி எழுத வைத்த டீச்சர்களில் எத்தனை பேர் அந்த வீட்டிலிருந்து வந்தவர்களோ.

சட்டமும் தன்னால் ஆனதைச் செய்கிறது. 2022 மே மாதம் மகாராஷ்டிரத்தில் கோலாப்பூர் மாவட்டத்து ஹெர்வாட் கிராமம், கணவன் இறந்தால் வளையல் உடைப்பது, பொட்டை அழிப்பது, தாலியை அறுப்பது எதுவும் கூடாது என்று கிராம சபையில் தீர்மானம் போட்டது. 2023 ஆகஸ்டில் ஈரோடு மாவட்டத்தில், கணவர் பூசாரியாக இருந்த கோயிலுக்கே ஒரு பெண்ணைத் திருவிழாவுக்கு வரக் கூடாது என்று தடுத்தார்கள். கணவனை இழந்தவள் என்பதற்காகத் தடுக்க யாருக்கும் உரிமை கிடையாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. நீதிமன்றத்தின் கை கோயில் வாசல்வரை வரும். உங்கள் கூடத்துக்குள் வராது. அங்கே உத்தரவு போட வேண்டியவர் நீங்கள்தான்.

எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமலே பலர் விட்டுவிடுகிறார்கள். என் அனுபவத்தைச் சொல்கிறேன்.

அப்பா 2011-ல் காலமானார். அடுத்த வருஷம் அம்மா என்னோடு இருந்தாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் முதல் விருந்தாளி செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டதும் அம்மா எழுந்து படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். யாரும் சொல்லவில்லை, அவளாகவே போனாள். பின்னாலேயே போனேன்.

"அம்மா, வா. சரடு நீதான் கட்டணும்."

"போடி, நாலு பேர் வர இடத்துல."

"நாலு பேருக்காக நான் நோன்பு எடுக்கலை. நீ வராம நான் சரடு கட்டிக்கப் போறதில்லை."

வந்தாள். அவள் விரல் நடுங்கினதில் முடிச்சு இரண்டு தடவை நழுவியது. குங்குமத்தை நீட்டினேன், வேண்டாம் என்று தலையாட்டினாள். மஞ்சளையும் பூவையும் எடுத்துக்கொண்டாள். பூவை வைத்துக்கொள்ளவில்லை, உள்ளங்கையிலேயே மூடி வைத்திருந்தாள். வந்திருந்தவர்களில் ஒரு அம்மாள் தாம்பூலம் வாங்காமலே எழுந்து போய்விட்டார். மற்றவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த வருஷம் அவர்களில் ஒருத்தி, கிராமத்திலிருந்து தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

அந்த நாளில் நானும் ஒரு தப்பு செய்தேன். அம்மாவிடம் முன்னமே சொல்லியிருக்க வேண்டும். எல்லார் எதிரிலும் இழுத்துக்கொண்டு வந்தால் அவர்கள் கூசிப்போவார்கள். அதனால் வியாழக்கிழமைக்கு முன்னாலேயே தனியாகப் போய்ப் பேசுங்கள். வியாழன் சாயங்காலம் அம்மனை வாசலிலிருந்து உள்ளே அழைக்கும்போதே கூட இருக்கச் சொல்லுங்கள். கலசத்தின் ஒரு பக்கத்தை அவர் பிடிக்கட்டும். சுண்டல் தட்டைத் தூக்குகிற வேலையை அன்று வேறு யாராவது பார்க்கட்டும்.

வரிசையில் கடைசியாகக் கொடுக்காதீர்கள். வயசுக்கு உரிய இடத்தில் கொடுங்கள்; பெரியவர் என்றால் முதலில் அவருக்குத்தான். "உங்களுக்குக் குங்குமம் தரலாமா?" என்று கேட்டு நிறுத்தாதீர்கள், எல்லாருக்கும் நீட்டுவதைப்போல் நீட்டுங்கள். எடுப்பதும் எடுக்காததும் அவர் இஷ்டம். நெற்றியில் நீங்களாக வைத்துவிடாதீர்கள். அதுவும் ஒரு பலவந்தம்தான். கண் கலங்கினால் தடுக்காதீர்கள். "பார்த்தீங்களா, நாங்க எல்லாம் வித்தியாசம் பார்க்கிறதில்லை" என்று பெருமை பேசி அவரை இன்னொரு தடவை தனியாக நிறுத்திவிடாதீர்கள். தாம்பூலத்தோடு வைக்கிற ரவிக்கைத் துணி தைத்துப் போட்டுக்கொள்கிற மாதிரி இருக்கட்டும். வீடு வீடாகச் சுற்றி மடிப்பு கலையாமல் மறுபடி நம்மிடமே வருகிற துணியை யாருக்குமே கொடுக்க வேண்டாம், அவருக்குக் கொடுக்கவே வேண்டாம்.

சாஸ்திரிகள் வந்து பூஜை செய்து வைக்கிற வீடானால் அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அந்தப் பேச்சை வீட்டு ஆண்கள் பேசட்டும். இவ்வளவு காலம் "இதெல்லாம் பொம்மனாட்டிகள் விஷயம்" என்று பேப்பரை விரித்துக்கொண்டது போதும். அந்த அடுப்படியில் நிற்பது உங்கள் அம்மா, உங்கள் தங்கை. "அம்மா இல்லாமல் எங்கள் வீட்டில் ஆரத்தி இல்லை" என்று மகன் சொன்னால், வீட்டுப் பெண்களுக்குப் பாதிப் பயம் போய்விடும். மாமியார் சொல்லை மீற மருமகள் ஒருத்தியாக எவ்வளவு தூரம்தான் போராடுவாள்?

கணவனைப் பிரிந்து வாழ்கிறவளையும், நாற்பது வயதாகியும் கல்யாணம் ஆகாதவளையும் கூப்பிடத் தயங்குகிறோம். விடிகாலையில் வாசல் தெளித்து, பாத்திரம் தேய்த்து, அம்மன் வருகிற வழியைச் சுத்தம் செய்துவிட்டுப் போகிற வீட்டு வேலைக்கார அம்மாவைக் கூப்பிடவே தோன்றுவதில்லை. அவர்களுக்கும் இதே மணைதான், இதே தட்டுதான். தனித் தட்டு வைக்காதீர்கள்.

முப்பது வருஷத்துக்கு மேல் இந்த நோன்பு எடுக்கிறேன். கலசத்தில் பச்சரிசி நிரப்பி, எலுமிச்சையும் விரலி மஞ்சளும் ஒரு வெள்ளிக் காசும் போட்டு, முகத்தைக் கட்டி நிமிர்த்தும்போது, அத்தையின் நினைவு வராத வருஷம் இல்லை. தனக்குக் கல்யாணமான புதிதில், வெள்ளி முகம் வாங்கும் வசதி அந்த வீட்டுக்கு வருவதற்கு முன்னால், செம்பில் சந்தனம் பூசி மையால் அம்மனுக்குக் கண்ணும் புருவமும் எழுதியது அத்தைதானாம். ஆடிக்குப் பிறந்த வீடு வரும்போதெல்லாம் அது அவர் வேலை. கணவர் போன வருஷத்தோடு அது நின்றுபோயிற்று, வெள்ளி முகம் வந்தது. இதை அவர் போன பிறகுதான் மாமியார் எனக்குச் சொன்னார். சொல்லும்போது மாமியார் அழுதார். அவருக்கும் கூப்பிட வேண்டும் என்று இருந்திருக்கிறது. நாங்கள் இரண்டு பேருமே ஒருவருக்கு ஒருவர் பயந்துகொண்டு பதினைந்து வருஷம் சும்மா இருந்திருக்கிறோம்.

உங்கள் வீட்டிலும் ஒருவேளை அப்படித்தான் இருக்கும். யாராவது ஒருவர் வாய் திறந்தால் மற்றவர்கள் காத்திருந்தவர்கள்போலச் சரி என்பார்கள்.

அரிசி ஊறப் போட இன்னும் நேரம் இருக்கிறது. அதற்கு முன் எழுந்து போய், கதவைத் தட்டி, "வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்துடுங்கோக்கா, நீங்க வந்துதான் ஆரத்தி எடுக்கணும்" என்று சொல்லிவிட்டு வாருங்கள்.